தார்ப்பாய்க்கு அடியில் 18 வருடம்



போன மாதம் ஒரு படம் போட்டிருந்தேன். நான்கு செங்கல் அடுக்கின் மேல் பாடி இல்லாமல் நின்ற வண்டி. "சார், இது என்ன எலும்புக்கூடு?" என்று கேட்டவர்கள் பலர். "மாமா, அது நம்ம தாத்தா ஜீப்பா?" என்று கேட்டது என் தங்கை மகள் ஒருத்திதான். ஆமாம், அதே ஜீப்தான். அதைப்பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரலாற்று வாத்தியார் ஜீப்பைப் பற்றி எழுதினாலும் 1940-இல் இருந்துதான் தொடங்குவான். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருக்கும்போது வாசித்தால் போதும்.

எங்கள் ஜீப் 1969-இல் வந்தது. மகிந்திரா சி.ஜே.3பி. போடிநாயக்கனூரில் ஒரு ஏலத்தோட்ட முதலாளி வாங்கியது. முதல் நாளில் இருந்தே அதை ஓட்டியவர் என் அப்பா. 1978-இல் முதலாளி வேறு வண்டி வாங்கியபோது, இதை அப்பாவே கடன் வாங்கி எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றையும் அந்த ஜீப்தான் சுமந்தது. மலைக்கு ஆட்களை ஏற்றிப் போனது, உர மூட்டை ஏற்றிப் போனது, ஏலக்காய் மூட்டையோடு இறங்கியது. என் பி.எட். கட்டணம் அந்த ஜீப்பில் இருந்து வந்ததுதான்.

அப்பா 2005-இல் காலமானார். 2006-இல் ஜீப்பை வீட்டுக்குப் பின்னால் கொட்டகை ஓரமாக நிறுத்தி, நல்ல கனமான தார்ப்பாய் வாங்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். பத்திரமாக வைத்துவிட்டோம் என்று நினைத்தேன். 2024 தை மாதம்தான் அந்தக் கயிற்றை அவிழ்த்தேன். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லுமுன், இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1940 கோடையில் ஜெர்மன் படை பிரான்சை வீழ்த்திவிட்டது. தாங்களும் போருக்குள் இழுக்கப்படுவோம் என்று அமெரிக்க ராணுவத்துக்குப் புரிந்தது. குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக, எந்தக் காட்டிலும் மேட்டிலும் போகிற சின்ன நாலுசக்கர வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கெடுவை ஏற்று முதலில் செய்து கொடுத்தது பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற நலிந்துபோன சின்னக் கம்பெனி. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடத்தைப் போட்டார் என்பார்கள். 1940 செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவத்தின் சோதனைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பெரிய ஆர்டர் பேண்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஓஹையோ மாநிலம் டொலிடோவில் இருந்த வில்லிஸ் கம்பெனியிடம் 60 குதிரைத்திறன் உள்ள பலமான இன்ஜின் இருந்தது. ஃபோர்டிடம் பெரிய தொழிற்சாலை இருந்தது. போர் முடிவதற்குள் இந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டன. ஜீப்பின் முகம் என்று நாம் அடையாளம் காண்கிற நீள் துளைகள் போட்ட முன்பக்கம் ஃபோர்டு கொண்டுவந்தது. அதற்கு முன் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்தார்கள். ஒரே தகட்டில் அச்சடித்தால் செலவு குறைவு, வேலையும் வேகம். ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட தன் முதலெழுத்தைப் பொறித்து வைத்தது. யார் செய்த பாகம் என்று பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காக.

இதில் என் கதைக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டி பல வருடம் உழைக்க வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. போர்க்களத்தில் ஒரு ஜீப் சில மாதம் தாங்கினாலே போதும். அதனால் துருவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தரைத் தகட்டுக்கு அடியில், கவிழ்த்த தொப்பி மாதிரி வளைத்த சட்டங்களை வைத்துப் பற்றவைத்தார்கள். போர்க்கால ஜீப்பில் அந்தச் சட்டங்களுக்குள் பலத்துக்காக மரக்கட்டையைத் திணித்திருந்தார்கள். மழைத் தண்ணீரை அந்த மரம் குடித்துவிட்டு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். தகடு உள்ளிருந்து அரித்துப்போகும். இன்று உலகத்தில் எங்கே பழைய ராணுவ ஜீப்பைச் சரிசெய்தாலும் முதல் வெட்டு விழுவது அந்த இடத்தில்தான்.

நம் நாட்டுக்கு ஜீப் வந்தது பர்மா யுத்தத்தோடு. யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போயின. 1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகமதும் சேர்ந்து ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மகிந்திரா அண்ட் முகமது. பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-இல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாறியது. அடுத்த வருடம் பம்பாய் மஜகாவில் வில்லிஸ் ஜீப்பைத் தனித்தனி பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒரு தேசம் இரண்டானதை ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம் என்று பத்தாம் வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா?

அதே 1948-இல் இன்னொன்றும் நடந்தது. காஷ்மீரில் சண்டை. ராணுவத்துக்கு ஜீப் அவசரமாக வேண்டும். லண்டனில் நம் ஹை கமிஷனராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், பழுதுபார்த்துப் புதுப்பித்த பழைய ஜீப்புகளை வாங்க ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 80 லட்சம் ரூபாய் ஒப்பந்தம். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள். அவை ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று ராணுவம் ஏற்க மறுத்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் குழு விசாரித்தது. நாடாளுமன்றத்தில் பெரிய கூச்சல். 1955-இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். மேனன் அடுத்த வருடம் மத்திய அமைச்சரானார். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இதை எழுதுவார்கள். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நான் பாடம் நடத்தினேன். 'புதுப்பித்த பழைய வண்டி' என்ற சொல்லில் எவ்வளவு ஒளிந்திருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் என்னிடமே திரும்பி வருகிறது.

1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஜீப். மலேரியா ஒழிப்புக்கு ஜீப். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யுனிசெஃப் கொடுத்த ஜீப். நம் கிராமங்களுக்கு அரசாங்கம் என்பது காக்கிச்சட்டை டிரைவரோடு புழுதி கிளப்பி வந்த ஜீப்தான். 'யூனியன் ஜீப் வருது' என்றால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வேட்டியை இறக்கிவிடுவார். அப்புறம் தேர்தல் ஜீப். மைக் கட்டி, கொடி கட்டி, நோட்டீசை வீசிக்கொண்டு போகும். பின்னாலேயே ஓடியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பக்கத்து மலைக்கு ஜீப்பை விட்டால் வேறு கதி இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் ஏறிப்போய், பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத் தோட்டங்களில் ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். இன்றும் அப்படித்தான். தோட்டத்துக்குள் போகிற பாதை பாதையே இல்லை, பாறை. ஆனி ஆடியில் அங்கே பெய்கிற மழை நம் ஊரில் வருடம் முழுக்கப் பெய்யாது.

அந்த மழையும் அந்தச் சேறும் அந்த உரமும்தான் எங்கள் ஜீப்பைத் தின்றன. பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. உப்புக்கு அண்ணன் தம்பி. மூட்டையில் இருந்து சிந்துகிற தூள் தரைத்தகட்டின் மூலைமுடுக்குகளில் தங்கும். ஈரத்தில் கரையும். இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் இருந்தால் துரு வரும். கூடவே குளோரைடு இருந்தால் பல மடங்கு வேகமாக வரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு தகடு சேருமிடத்தில் துரு பிடித்தால், அது ஊதி ஊதித் தகடுகளைப் பிரித்துவிடும். பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர் போகும். இன்னும் துரு.

இனி தை மாதத்துக்கு வருகிறேன்.

தார்ப்பாயை அவிழ்த்ததும் வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. மட்கிய ரப்பரும் எலிப்புழுக்கையும் ஈர இரும்பும் கலந்த வாடை. ஓட்டுநர் பக்கம் தரையில் கால் வைத்தேன். கால் உள்ளே போய் மண்ணைத் தொட்டது. 70 வயதுக்காரன் ஜீப்பின் வழியாகத் தரையில் நின்றேன். என் மனைவி சிரித்துவிட்டு, நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மகன் ஓசூரில் இருந்து போனில் படம் பார்த்தான். "அப்பா, அரியானாவுல மண்டி டப்வாலின்னு ஒரு ஊரு. ஜீப்புக்குப் புது பாடியே செஞ்சு தர்றாங்க. வாங்கி மாட்டிடலாம். இதைச் சரி பண்ற செலவுல பாதிகூட ஆகாது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான்தான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

பிறகு நம் பள்ளியில் படித்த ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். 1991 பேட்ச் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். பின் பெஞ்ச், வரலாற்றில் 22 மார்க். இப்போது 30 வருடமாக டிங்கர் வேலை. வந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தார். தட்டுவார், காது கொடுப்பார். 'ணங்' என்று வந்தால் இரும்பு இருக்கிறது. 'தொப்' என்று வந்தால் உள்ளே துரு. 'டொக் டொக்' என்று வந்தால் அது தகடே இல்லை, பட்டி. சாக்பீஸை என்னிடமே வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டார். அரை மணி நேரம் ஆனது. அப்புறம் சொன்னார்: "சார், மழையில நிறுத்தியிருந்தாக்கூட இவ்வளவு போயிருக்காது. மழை விட்டா காஞ்சிருக்கும். நீங்க மூடிக் கட்டிட்டீங்க. மண்ணுல இருந்து ஏறுன ஈரம் 18 வருஷமா வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னுருக்கு."

பத்திரமாக வைத்தேன் என்று நினைத்தது அந்த ஒரு வரியில் போய்விட்டது. சான்றுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 34 வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

"எவ்வளவு காப்பாத்தலாம் தம்பி?" என்று கேட்டேன். "தரை மொத்தமும் போச்சு. அடிச்சட்டம் போச்சு. பின் தகடு போச்சு. இடது பக்கச் சுவர், முன்னாடி டேஷ்போர்டு தகடு, பானட், முகம் இதெல்லாம் இருக்கு. வலது பக்கம் வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல்ல சேஸ் நம்பர் இருக்கான்னு பாக்கணும் சார். அது இல்லைன்னா மத்ததெல்லாம் வீண்" என்றார்.

இது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அதை வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்றி, காலாவதியான பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் சேஸ் சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். எண் துருவில் அழிந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் என் அப்பா ஓட்டிய ஜீப் என்று ஒன்று இல்லவே இல்லை. வெறும் பழைய இரும்பு.

அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கக்கூடாது என்றார் தம்பி. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, துணியால் துடைத்து, பிறகு துரு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தார். இரண்டு நாள் அந்த வேலை. கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, தூரிகையால் அடித்து, மை தடவிப் படியெடுப்பதை நான் சுற்றுலாவில் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். அதே பொறுமை, அதே படபடப்பு. இரண்டாம் நாள் மாலை ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. ஒரே ஒரு எண் மட்டும் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம். பென்சில் வைத்துத் தேய்த்தபோது 8. ஆர்.சி.யிலும் 8. நான் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தத் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கரைத்து, இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச்செல்லும். டெல்லி மெஹ்ரோலியில் உள்ள இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 வருடமாக வெட்டவெளியில் நிற்கிறதே, அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது உண்டாக்கும் மெல்லிய பாஸ்பேட் படலம்தான் தூணைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் விளக்கினார். குப்தர் காலக் கொல்லனுக்கும் நம் டிங்கர் தம்பிக்கும் துணை நின்றது ஒரே பொருள். நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இரும்பு அரிப்பைப் பற்றி ஆராய்கிற இடம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உண்டானது.

எண் கிடைத்ததும் வேலை தொடங்கியது. முதலில் பெட்ரோல் டேங்க்கும் பேட்டரியும் வெளியே. இந்த ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வெல்டிங் வைப்பது தற்கொலை. எங்கள் வண்டிக்கு அப்பா எண்பதுகளில் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார், அப்போது பலரும் செய்தது. ஆனாலும் பழைய டேங்க்கை நம்பக்கூடாது.

அடுத்து, வெட்டுவதற்கு முன்பே பாடிக்குள் ஆங்கிள் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்தார். எனக்குப் புரியவில்லை. "தரையை வெட்டி எடுத்துட்டா ரெண்டு பக்கச் சுவரும் சாஞ்சிரும் சார். அப்புறம் எதுவும் எதோடயும் சேராது" என்றார். மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்த்து, சுவரில் எழுதி வைத்தார். அந்த அளவுகள் இன்னும் எங்கள் கொட்டகைச் சுவரில் இருக்கின்றன. கணக்கில் இவர் எத்தனை மார்க் வாங்கினார் என்று கணக்கு சாரைத்தான் கேட்க வேண்டும்.

பெயின்ட்டைச் சுரண்டியபோது அடுக்கு அடுக்காக வந்தது. மேலே நீலம், அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் பச்சை, கடைசியில் 1969-இன் சாம்பல். கீழடிக்கு நான் போயிருக்கிறேன். இதுவும் அகழாய்வுதான்.

வலது பக்கச் சுவரில் பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு ஒட்டுகள் இருந்தன. முதலாவது ஓர் அவலட்சணமான ஒட்டு. ஒரு சாண் அகலம், கோணல் மாணல், பித்தளைக் கம்பி உருக்கி ஓரம் முழுக்க ஊற்றியிருந்தது. அது அப்பா வைத்தது. எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில், மலையில் இடித்துக்கொண்டு வந்து, கேஸ் வெல்டிங் கடையில் பக்கத்தில் நின்று வைத்துக்கொண்டார். கூட நானும் இருந்தேன். தம்பி அதைச் சுத்தியலால் தட்டினார். 'ணங்'. மறுபடி தட்டினார். "இதை எடுக்கவேண்டாம் சார். இன்னும் 40 வருஷம் நிக்கும்" என்றார்.

அதற்கு ஒரு முழம் தள்ளி இரண்டாவது இடம். மேலே பார்த்தால் ஒட்டே தெரியாது. வழவழவென்று இருந்தது. தட்டினால் 'டொக்'. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினார். உள்ளங்கை அளவுக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் தகடு இல்லை. ஓட்டையை அடைக்கச் சுருட்டித் திணித்த செய்தித்தாள்.

தாளை அவர் வெளியே இழுத்து என் கையில் கொடுத்தார். பழுப்பேறி, துரு ஏறி, மடிப்பில் உடைந்தது. தேதி இருந்தது. 1994 ஏப்ரல்.

1994 வைகாசியில் என் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் ஜீப்தான் என்று முடிவானது. அப்பா, "உள்ள துரு ஓடிருச்சுடா. வெட்டி எடுத்துத் தகடு வைக்கணும். ரெண்டு மாசம் ஆகும்" என்றார். நான்தான், "கல்யாணத்துக்குப் பளிச்சுனு இருந்தாப் போதும்ப்பா" என்று சொல்லி, ஒரு பெயின்ட் கடையில் பேசி, ஒரு வாரத்தில் நீலம் அடித்துக் கொண்டுவந்தேன். கல்யாணத்தில் எல்லோரும் புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஒரு தரம் விரலால் தட்டிப்பார்த்தார். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கிருஷ்ண மேனனின் 155 ஜீப்புகளை வைத்து எத்தனை வருடம் கேள்வித்தாள் எடுத்திருக்கிறேன்! "புதுப்பித்தல் என்ற பெயரில் நடந்தது என்ன? ஐந்து மதிப்பெண்." அந்தக் கேள்விக்கான விடை என் வீட்டுக் கொட்டகையில் 30 வருடமாக இருந்திருக்கிறது. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாக் கடையிலயும் அப்ப அப்படித்தான் சார்" என்றார். கடையைச் சொல்லி என்ன? கேட்டது நான்.

தரைத்தகட்டை எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஜீப்பின் தரையில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. திறந்த வண்டி என்பதால், மழை உள்ளே பெய்யும், வடிந்தும் போக வேண்டும். எங்கள் வண்டியில் அந்த ஓட்டைகளின் மேல் தகரம் வைத்து ரிவெட் அடித்திருந்தது. அம்மாவின் வேலை. சேறு தெறித்துப் புடவை கெடுகிறது என்று அம்மா நச்சரித்து அப்பா அடைத்தது. ஆக, அப்பா சார்பில் ஒன்று, அம்மா சார்பில் ஒன்று, என் சார்பில் இரண்டு. துரு எங்கள் குடும்ப உழைப்பு.

மகன் சொன்ன புது பாடிக்கு வருகிறேன். 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பதிவாகி 50 வருடம் கடந்து, சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருந்தால் 'விண்டேஜ்' வண்டி என்று தனி எண் கொடுப்பார்கள். எங்கள் ஜீப்புக்கு அந்தப் பேறு இல்லை, இன்ஜின் மாறிவிட்டதே. ஆகவே சட்டத்துக்காக நான் பழைய தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

'இத்தனை தகடு மாற்றியபின் இது அதே ஜீப்பா?' என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் ஊர்க் கோயில் குடமுழுக்கில் எத்தனை கல் மாறியிருக்கிறது? ஆனால் கல்வெட்டு உள்ள கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வழவழப்பான கிரானைட் பதித்தால் நான் சண்டைக்குப் போவேன், போயும் இருக்கிறேன். அதே அளவுகோல்தான். சாரமில்லாததை மாற்று. பேசுகிற கல்லை விடு. அப்பாவின் பித்தளை ஒட்டு பேசுகிறது. டேஷ்போர்டு தகட்டின் உள்பக்கம் அவர் ஆணியால் கீறிவைத்த நடைக் கணக்கு, ஐந்தைந்து கோடாக, பேசுகிறது. புது பாடி வாங்கினால் இரண்டும் இரும்புக் கடைக்குப் போகும்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிச்சட்டத்துக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தகடு. தரைக்கும் சுவருக்கும் 18 கேஜ், 1.2 மி.மீ. தொப்பிச் சட்டங்களைப் பழையதின் அளவிலேயே வளைத்து வாங்கினோம். பழைய ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டைப் பொத்துவிடும் என்று சி.ஓ.2 வெல்டிங். ஒரே இழுப்பாக வைக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி. சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். இரண்டு தகடு சேரும் இடங்களில், சேர்ப்பதற்கு முன்பே துத்தநாகம் கலந்த பிரைமர். இரும்பை முந்திக்கொண்டு தான் அரிபடுகிற குணம் துத்தநாகத்துக்கு உண்டு. அதன்மேல் இணைப்புகளில் சீலர், எபாக்சி பிரைமர், பெயின்ட். அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளையும் திறந்தே விட்டார். வடிகால் ஓட்டைகளைத் திறந்து ரப்பர் அடைப்பான் போட்டார். "மழை பெய்ஞ்சா கழட்டிருங்க சார். கழட்ட மறந்தா எனக்கு போன் பண்ணாதீங்க" என்றார். என் வகுப்பில் வாயே திறக்காதவர்.

11 மாதம் ஆனது. மகன் சொன்ன கணக்கைவிட இரண்டு மடங்கு செலவு. என் மனைவிக்கு சரியான தொகை தெரியாது, பின்னூட்டத்தில் யாரும் கேட்கவேண்டாம்.

பட்டி பார்க்கும்போது தம்பி அப்பாவின் ஒட்டின் மேலும் மெழுகி மறைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 1969-இன் சாம்பல் நிறமே அடித்தோம். பக்கத்தில் வந்து பார்த்தால் அந்தக் கோணல் ஒட்டு துருத்திக்கொண்டு தெரியும். செய்தித்தாள் இருந்த இடத்தில் இப்போது தகடு இருக்கிறது. தாளை எடுத்து அப்பாவின் பழைய லைசென்ஸோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் படி எடுத்தார். ஒத்துப்போனது. ஆர்.சி. மாறி வர இன்னும் சில வாரம் ஆகும் என்கிறார்கள். வந்தபின் முதல் ஓட்டம் போடிமெட்டுக்கு. தங்கையும் மாப்பிள்ளையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கையிடம் செய்தித்தாள் கதையைச் சொன்னேன். "அண்ணே, எனக்கு அப்பவே தெரியும். அப்பா சொன்னாரு. உன்கிட்ட சொல்லவேண்டாம்னும் சொன்னாரு" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் எதையாவது தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் திறந்து பாருங்கள். காற்று படட்டும்.

எழுதியதில் தவறு இருந்தால் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்த உங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. உங்கள் ஊர் ஜீப்பின் கதை இருந்தால் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன். 1991 பேட்ச், அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். அந்த 22 மார்க்கை நான் திருத்திப் போடவேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்